நார்மாவும் டெஸ்மண்டும் கட்சி மாறிய கதை

இங்கிலாந்தின் கடலோர ஊரான ஃப்ளீட்வுட்டில் மீன் வறுவல் கடை வைத்திருந்த நார்மா திரெல்ஃபால் புத்தகத்தைக் கையால் தொட்டவள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிபிசியில் வரும் நாடகம் எதையும் விடமாட்டாள். திங்களன்று கடைக்கு வருபவர்கள் மீனோடு அவள் விமரிசனத்தையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அவளிடம் வேலை பார்த்த எனக்கு இரண்டும் இலவசம்.

நூலகர் டெஸ்மண்ட் மட்டும் அதற்குத் தலையாட்டமாட்டார். அவர் வீட்டில் தொலைக்காட்சியே கிடையாது.

ஒரு வருஷம் ஒரு கலங்கரை விளக்கக் காவலனைப் பற்றிய நாவல் நாடகமாக ஓடியது. கடைசியில் அவன் காதலியோடு கப்பலேறிவிட்டான் என்று நார்மா பூரித்துப்போனாள்.

“புத்தகத்துல அவன் போகவே மாட்டான். கதையைக் கெடுத்துட்டாங்க” என்றார் டெஸ்மண்ட்.

“பாக்காமலே தீர்ப்பா? முதல்ல பாருங்க சார், அப்புறம் பேசுங்க!”

“நீங்க படிச்சிட்டுப் பேசுங்க.”

வீம்புக்காக நார்மா அவரிடமே அந்தப் புத்தகத்தை வாங்கிப் போனாள். டெஸ்மண்ட் தங்கை வீட்டில் உட்கார்ந்து நாடகத்தின் மறுஒளிபரப்பைப் பார்த்தார்.

அடுத்த வாரம் அவர் கடைக்குள் நுழைந்ததுமே நார்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவன் போகாம நிக்கிறானே, அதுதான் கதை! நாடகத்துல நாசம் பண்ணிட்டாங்க.”

டெஸ்மண்டுக்கு முகம் சிவந்தது. “என்ன பேச்சு இது? பாவம், அவ ஒத்தையா கப்பலேறினா மனசு தாங்குமா? நாடகக்காரங்க செஞ்சதுதான் சரி.”

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருவரும் விடாமல் சண்டை போட்டார்கள். கடைசியில் நார்மா, “ஞாயிறு புது நாடகம் ஆரம்பிக்குது. எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, அங்க வச்சு முடிச்சுக்கலாம்” என்றாள்.

போனார். இன்னும் முடித்தபாடில்லை, போன வசந்தத்தில் கல்யாணம்தான் முடிந்தது.