அக்கா கோபமாக இல்லை

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அக்காவைப் பற்றி நம் குடும்பத்தில் ஒரு தப்பான பேச்சு உண்டு. அதைக் கிளப்பியவன் நான்தான். அதனால் நானே எழுதுவதுதான் நியாயம்.

அக்கா மண்ணச்சநல்லூரில் பிறந்தார். அரிசி ஆலையில் வேலை பார்த்த அப்பா இறந்ததும், அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டார். ஒரு பள்ளியில் தையல் ஆசிரியையாகச் சேர்ந்து அக்காதான் என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் அவர் நினைக்கவில்லை. எனக்குத் திருவெறும்பூரில் வேலை கிடைத்தது; குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டேன். அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது ஏழு வருடம் அக்கா ஒருவரே பார்த்துக்கொண்டார். நானோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி மாதிரி போய் வந்தேன்.

அந்த ஏழு வருடத்தில் அக்காவுக்குப் பல் வலித்தால் வைத்தியம் பார்த்துக்கொள்ள நேரமில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவாராம். அம்மா கண்மூடியபோது அக்காவுக்கு ஒரு பல்கூட மிச்சமில்லை.

அதன்பிறகு போகும்போதெல்லாம் அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. உதடுகள் உள்ளே மடிந்து இறுகிக் கிடந்தன. மோவாய் முன்னே துருத்திக்கொண்டு நின்றது. நான் செய்யாமல் விட்டதை நினைத்துத்தான் வாயை இப்படி இறுக்கிக்கொள்கிறார் என்று நானாக முடிவு கட்டினேன். கேட்கத் துணிவில்லை. "அக்கா என் மேல ரொம்பக் கோபமா இருக்காங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்து, போவதையும் குறைத்துக்கொண்டேன். ஒரு காவிரிப் பாலத்தைத் தாண்ட எனக்கு அத்தனை தயக்கம்.

ஐந்து வருடங்களுக்கு முன், அக்கா சரியாகச் சாப்பிடாமல் இளைத்துவிட்டார் என்று பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். பயந்துபோய்த் தில்லைநகரில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். கீழ்த்தாடை எலும்பு தேய்ந்து மெலிந்திருந்தது.

"பயப்படாதீங்க சார், வேற நோய் ஒண்ணும் இல்ல. பல்லு இருக்கற வரைக்கும்தான் இந்த எலும்புக்கு வேலை. அது போயிட்டா எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும். வாய மூடும்போது தாங்கப் பல்லு இல்லாததால தாடை மேல ஏறி முன்னாடி வந்துடும், உதடு உள்ள போயிடும். பாக்கறவங்களுக்கு மூஞ்ச உர்ருனு வச்சிருக்கற மாதிரி தெரியும்."

திரும்பும்போது ஆட்டோவிலேயே கேட்டுவிட்டேன்.

"அக்கா, உனக்கு என் மேல கோபம் இல்லையா?"

"இருந்துதுடா. அம்மா போயி ஒரு மூணு மாசம் இருந்துது. அப்புறம் அத யாரு சுமந்துகிட்டுத் திரியறது? நீ வரவே இல்லையா, நீதான் என் மேல கோச்சுக்கிட்டேன்னு நெனச்சேன்."

ஆட்டோக்காரர் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றாமல் அழுதேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அப்படியொரு நிம்மதியை அதற்குமுன் நான் அனுபவித்ததில்லை. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பல் செட் செய்தோம். எலும்பு குறைந்திருந்ததால் கீழ் செட் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அக்கா தினத்தாளைச் சத்தமாக வாசித்து வாசித்தே அதை அடக்கினார். உடம்பும் தேறியது. நாலு வருடம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போனேன். போன வருடம் ஒரு காலையில் நெஞ்சு வலி வந்து, இரண்டே நாளில், அதிகம் சிரமப்படாமல் அக்கா போய்ச் சேர்ந்தார்.

நான் வராத வருடங்களில் அக்காவுக்குத் துணையாக இருந்த பக்கத்து வீட்டம்மாவுக்கும், பொறுமையாகச் செட்டைத் திருத்தித் திருத்திக் கொடுத்த டாக்டரம்மாவுக்கும், ஆஸ்பத்திரியில் உடனிருந்த அக்காவின் பழைய மாணவிகளுக்கும் என் நன்றி.

அச்சுக்குப் போகுமுன் இந்த மலரைப் பார்த்த சிலர், அட்டைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையா என்று கேட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அக்கா உட்கார்ந்திருந்தபோது நான் எடுத்த படம் அது. அப்போது அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.