கேக்குதுன்னா கையைத் தூக்கு

அந்த ஊரில் வளையக்காரி என்றால் எல்லாருக்கும் தெரியும். பெரிய கூடங்களில் தரை விரிப்புக்கு அடியில் செம்புக் கம்பியை வளையமாக ஓட்டி, காதுக்கு மிஷின் மாட்டியவர்களுக்கும் மேடைப் பேச்சு தெளிவாகக் கேட்கும்படி செய்வதுதான் அவள் வேலை. அதற்கு முன்பு அவள் வீடுகளுக்கு வயரிங் செய்யும் சாதாரண எலக்ட்ரீஷியன். இந்த வேலைக்குள் அவளை இழுத்துவிட்டது அவளுடைய அக்காவின் காது.

அக்கா கணக்கு டீச்சர். நாற்பது வயதை ஒட்டி வந்த ஒரு காய்ச்சல், போகும்போது காதையும் பாதிக்கு மேல் வாரிக்கொண்டு போய்விட்டது. மிஷின் மாட்டிக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசினால் சமாளிப்பாள். கூட்டமென்றால் போச்சு. யாரோ இருமுவது, நாற்காலி கிறீச்சிடுவது, மின்விசிறி சுற்றுவது எல்லாம் ஒன்றாகக் கலந்து காதுக்குள் கொட்டும். நாடகமென்றால் உயிரை விடுகிறவள், ஒரு நாள் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

"நான் எங்கடி நாடகம் பாத்தேன்? பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்கும்போது கூடவே சிரிச்சிட்டிருந்தேன். அவரு ரெண்டு தடவை சும்மா கொட்டாவி விட்டாரு, அதுக்கும் சிரிச்சுத் தொலைச்சேன்" என்றாள்.

சொல்லும்போது அவளும் சிரித்தாள். தங்கைக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, காது மிஷின் விற்கும் கடையில் ஒரு பிளக் பாயின்ட்டைச் சரி செய்யப் போனாள். கடைக்கார அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "இதுல போன் பேசறதுக்குன்னு தனியா ஒரு செட்டிங் இருக்கும்மா. ரூமைச் சுத்தி ஒரு கம்பி ஓட்டி, மைக் சத்தத்தை அதுல அனுப்பினா போதும், மிஷின் நேரா பிடிச்சுக்கும். சுத்தியிருக்கற இரைச்சல் உள்ள வராது."

அன்று மாலையே மிச்சம் கிடந்த கம்பியை வீட்டுக் கூடத்தின் சுவரோரமாக ஓட்டி, டிவியோடு இணைத்தாள். அக்காவை நடுவில் உட்கார வைத்தாள். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மிஷினில் போன் செட்டிங்குக்கான சின்னப் பொத்தானை அழுத்தினாள். திரையையே வெறித்துப் பார்த்தாள்.

"என்னக்கா? கேக்கலையா?"

"ஏய், இந்தாளுக்குச் சளி பிடிச்சிருக்குடி!" என்று கத்தினாள் அக்கா. "மூக்கை உறிஞ்சறான், கேக்குது!"

அதிலிருந்து இருவரும் சேர்ந்தே தொழிலுக்குப் போனார்கள். தங்கை கம்பி பதிப்பாள். அக்கா பள்ளி விடுமுறை நாட்களில் வந்து ஒவ்வொரு இருக்கையாக உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பாள். "இங்க கொசு மாதிரி ஒரு சத்தம்", "இந்தத் தூணுக்குப் பக்கத்துல பாதி வார்த்தை காணோம்" என்று பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்வாள். தங்கை திருத்திக் கொடுப்பாள்.

நகர மண்டபத்தைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. பால்கனி வைத்த பெரிய நாடக அரங்கம். அதற்கு நேர் கீழே, சங்கங்கள் கூட்டம் போட வாடகைக்கு விடும் ஓர் அறை. அக்காவும் தங்கையும் மண்டியிட்டு மண்டியிட்டு, முழங்கால் தேய, அரங்கம் முழுக்க நாடா போன்ற செம்புப் பட்டையைப் பதித்தார்கள். மேலே விரிப்பையும் போட்டு ஒட்டியாயிற்று. ஒரு சனிக்கிழமை காலை சோதனை. தங்கை மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"கேக்குதா? கேக்குதுன்னா கையைத் தூக்கு."

அக்கா கை தூக்கினாள். அடுத்த இருக்கைக்கு நகர்ந்தாள்.

"இப்ப? நல்லா உசத்தித் தூக்கு, தெரியல."

வரிசை வரிசையாக இப்படியே போனால் மேடையில் நிற்பவளுக்குப் பேச விஷயம் தீர்ந்துபோகும். வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தாள். "அக்கா, காலையில வாசல்ல நமக்குக் கதவைத் திறந்து விட்டாரே ஒருத்தர், பச்சைக் கட்டம் போட்ட சட்டை. மேஜை விரிப்பை எடுத்துத் தச்சுக்கிட்டாரோ என்னவோ. ஆனா ஒண்ணு, அவர் உன்னை ரெண்டு தடவை திரும்பிப் பாத்தாரு. நான் கவனிச்சேன்."

அக்கா கடைசி வரிசையிலிருந்து செருப்பைக் கழற்றிக் காட்டினாள்.

சிறிது நேரத்தில் அரங்கத்தின் கதவு படாரென்று திறந்தது. அதே பச்சைக் கட்டச் சட்டை.

"யாரும்மா மைக்ல பேசினது?"

தங்கை மைக்கைக் கீழே இறக்கினாள். "நான்தாங்க. உங்களுக்கு எப்படி..."

"எப்படியா? உங்களால நான் இப்ப தலைவராயிட்டேன்!"

ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆயுசு முழுக்க விசிலும் இரும்புச் சத்தமும் கேட்டுக் கேட்டு, அவர் காதிலும் மிஷின். கீழே தோட்டம் வளர்ப்போர் சங்கத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. காலையில் போன் பேசியவர் மிஷினைப் பழைய செட்டிங்குக்கு மாற்ற மறந்து போய் உட்கார்ந்திருக்கிறார். எதிரே எல்லார் வாயும் அசைகிறது, காதிலோ ஒரு பெண்குரல் கையைத் தூக்கு, நல்லா உசத்தித் தூக்கு என்கிறது. அதட்டுகிற குரலுக்குப் பணிந்தே பழகிப்போன மனுஷன், நன்றாக உயர்த்தித் தூக்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அங்கே யாரோ, அடுத்த வருஷம் தலைவராக இருக்க யாருக்குச் சம்மதம் என்று கேட்டிருக்கிறார்கள். பல வருஷமாக ஒருத்தரும் கை தூக்காத கேள்வி. கைதட்டி முடித்துவிட்டார்கள்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க" என்றாள் தங்கை. "அந்தச் சட்டை விஷயம்கூட..."

"சட்டையை விடும்மா. நிஜமாவே அது திரைச்சீலைத் துணிதான், தள்ளுபடியில கிடைச்சது." அவர் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார். "ஆனா ரெண்டு தடவைன்னு சொன்னீங்களே, அது தப்பு. மூணு தடவை."

அக்காவுக்கு அது கேட்டிருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவள் என்ன புரிந்துகொண்டாளோ, கழற்றிய செருப்பை அவசரமாக மாட்டிக்கொண்டாள்.

சிரித்து முடித்த பிறகுதான் தங்கைக்கு விஷயம் உறைத்தது. மேலே பேசுவது கீழே ஒழுகுகிறது என்றால் வேலை தப்பு. கீழே கூட்டம் நடத்துகிறவர்களில் காது மிஷின்காரர் ஒவ்வொருவருக்கும் இதே கதி வரும். மண்டப மேனேஜர் விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒட்டின விரிப்பை மறுபடி உரிக்கணுமா? திறப்பு விழாவுக்குச் சொல்லியாச்சேம்மா!"

"நான்தானே போட்டேன், நானே உரிக்கறேன் சார்" என்றாள்.

உரித்தாள். ஒரே பெரிய வளையத்துக்குப் பதிலாக, பின்னலாக இரண்டு வளையம் போட வேண்டும். ஒன்று வெளியே ஒழுகுவதை மற்றொன்று ரத்து செய்துவிடும். கணக்குப் போட்டுக் கொடுத்தது அக்கா. கீழே உட்கார்ந்து சோதிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. புதுத் தலைவர் தானே வந்து நின்றார்.

"எனக்கு வேற என்ன வேலை? ரோஜாச் செடிதான், அது தன் பாட்டுக்கு வளரும்."

அதன்பின் வேலை நடந்த விதம் தங்கைக்கு வேடிக்கையாக இருந்தது. கீழே அவர் "இன்னும் கேக்குது" என்று கைபேசியில் செய்தி அனுப்புவார். உடனே அக்கா, "நேர்ல போய்ப் பாத்தாத்தான் சரியா தெரியும்" என்று படியிறங்கிப் போவாள். ஒரு 'கேக்குது'வைச் சரிபார்த்துத் திரும்பி வர அவளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கு ஒரு வரைமுறையே இல்லை.

ஒரு பிற்பகல் அவர் மூச்சிரைக்கப் படியேறி ஓடி வந்தார். "ஒண்ணுமே கேக்கலை! சுத்தமா ஒண்ணுமே கேக்கலைம்மா!"

கேட்கவில்லை என்ற சொல்லுக்கு அந்த அரங்கத்தில் அதுவரை அப்படியொரு கூச்சல் எழுந்திருக்காது. தங்கை துள்ளினாள். விரிப்பு ஒட்டுகிறவர் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்.

திறப்பு விழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம். அக்காவும் கார்டும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். தங்கை பின்னால் ஒலிக் கருவிகளுக்கு அருகில் நின்று, மேடையைப் பார்க்காமல் அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சிரிப்பு வெடித்தது. அக்காவின் தோள் அந்தக் கணத்திலேயே குலுங்கியது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் தானாகச் சிரித்தாள். தங்கை சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நடுவில் கார்டு எதையோ சொல்லக் குனிந்தார். அக்கா அவர் தொடையில் ஓர் அடி வைத்தாள்: "சும்மா இருங்க, மேடையில அவ ரகசியம் சொல்றா!"

நாடகம் முடிந்து திரை விழுந்தது. கூட்டம் கலைந்தது. ஆனால் அங்கங்கே பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் எழுந்திருக்காமல், மூடிய திரையைப் பார்த்து வாய்பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் திகைத்துப் போனார்.

"முடிஞ்சு போச்சேம்மா, இவங்க ஏன் போகலை?"

தங்கை கருவியைப் பார்த்தாள். கதாநாயகனின் சட்டையில் குத்திய மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தியாயிற்று, வளையத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் அவன் தன் ஷூ கடிப்பதையும், கதாநாயகி தன் காலை மிதித்ததையும் யாரிடமோ புலம்பிக்கொண்டிருக்க வேண்டும். அவள் பொத்தானுக்குக் கையை நீட்டினாள். அக்கா தூரத்திலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அவன் மனைவியைப் பற்றி ஏதாவது சொல்லிவிடப் போகிறானே என்று பயந்து கொஞ்ச நேரத்தில் தங்கை அணைத்துவிட்டாள். பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "அடச்சே!" என்றார்கள்.

அடுத்த ஆண்டு அக்காவும் கார்டும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். வளையக்காரிக்கு இப்போது ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுன்ட்டர்களில் வேலை. எந்தக் கவுன்ட்டரில் கூட்டம் அதிகம் என்று அத்தான்தான் கூடவே வந்து காட்டிக்கொண்டிருக்கிறார்.