மாம்பழப் பட்டும் தண்ணீர் குடிக்காத காரும்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் தண்ணீர் லாரி வரும் நாளில் ஊரே குடத்தோடு அடித்துக்கொள்ளும்போது, பகலவன் மட்டும் தன் காரின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நிற்பான். அந்தக் காருக்கு ரேடியேட்டர் கிடையாது. காற்றிலேயே இன்ஜினைக் குளிர வைத்துக்கொள்ளும் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு இந்த வண்டி எதற்கு என்று கேட்காதவர்கள் தெருவில் யாருமில்லை. அவனிடம் இருந்த பதில் ஒன்றுதான்: "தண்ணியே கேக்காது மாமு. உன் வூட்ல அப்டி ஒரு ஜீவன் கீதா?"

எண்ணூர்ப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன வண்டி அது. பல வருஷம் அதில் எலிகள் குடும்பம் நடத்தின. பிறகு சாத்தாங்காட்டு இரும்புக்கடை மஜீது பாயின் கைக்கு வந்து, உடைபடக் காத்திருந்தபோது பகலவன் கண்ணில் பட்டது. பார்த்த மாத்திரத்தில் மனசு போய்விட்டது.

"ஒடச்சா எனக்கு எடைக்குப் போவும். ஒடைக்காம நீ எடுத்தா ஒனக்குத் தலவலி. இன்னா சொல்ற?" என்றார் மஜீது பாய்.

பகலவன் தலைவலியை எடுத்துக்கொண்டான்.

வண்டியில் இரண்டே சீட்டு. முன்னால் திறந்தால் பெட்டி வைக்கும் இடம், பின்னால் திறந்தால் இன்ஜின். "ஃபாரின்காரனே தப்பா மாட்டிக்கீறான், நீயும் அத்த வாங்கிகினு வந்துக்கீற" என்று எதிர்வீட்டுக்காரர் பரிதாபப்பட்டார். வேகத்துக்கென்றே பிறந்த வண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் எருமை நடை நடந்தது. காற்று அடித்தால்தான் இன்ஜின் குளிரும், வண்டி ஓடினால்தான் காற்று அடிக்கும். கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா என்ன?

இதில் இன்னொரு கொடுமை ஹீட்டர். பனியில் ஓட்டுவதற்காகச் செய்த வண்டியாதலால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள சூட்டைப் பிடித்து இரண்டு சீட்டின் காலடிக்கும் கொண்டுவந்து கொட்ட ஆளுக்கொன்றாக இரண்டு குழாய் வைத்திருந்தான் ஜெர்மன்காரன். அதை மூடுகிற மூடி துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது. சித்திரை வெயிலில், திருவொற்றியூரில், ஹீட்டர்! பகலவனின் கால் இரண்டும் வெந்துபோயின.

மெக்கானிக் ஆசீர்வாதம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் பட்டறை போட்டவர். குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இந்த மூடி நம்ம நாட்டுலயே கெடையாதுவே. பேசாம பழைய துணி எதையாவது வச்சு அடச்சுரும்."

அன்று பகலவன் வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. இருட்டில் கொடியைத் தடவி, ஜன்னலுக்குத் திரையாகக் கட்டும் பழைய துணி என்று நினைத்து ஒன்றை உருவிக்கொண்டு போய் இரண்டு குழாயிலும் பாதிப் பாதியாகத் திணித்து, ஸ்க்ரூடிரைவரால் குத்தி இறுக்கிவிட்டான். காலுக்குச் சுகமாக இருந்தது. தூக்கமும் நன்றாக வந்தது.

மறுநாள் காலையில் தெருவே எழுந்தது. அவன் மனைவி கெங்கம்மாவின் மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் காணோம். ராயபுரத்தில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் மெஷினில் குனிந்து முதுகொடியத் தைத்து, முதல் போனஸில் அவளே போய் எடுத்த புடவை. பகலவன் பல் துலக்குவதை நிறுத்தினான். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். அதற்குள் கெங்கம்மா இரண்டு வீடு தள்ளி, அவன் தங்கை ராஜாத்தியின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள்தான் ராஜாத்தி அந்தப் புடவையை ஒரு விசேஷத்துக்கு வாங்கிக் கட்டி, திருப்பிக் கொண்டுவந்து கொடியில் போட்டிருந்தாள்.

"கொட்த்தேன்னு சொல்றியே, எங்க கீது? கொடியில துணி நடந்தா போவும்?" என்று கெங்கம்மா கேட்டாள். பிறகு 'திருடி' என்ற வார்த்தையும் வந்தது. தண்ணீர் லாரி வரும் நாள் வேறு. தெரு முழுக்கக் குடத்தோடு நின்று கேட்டது.

பகலவன் வீட்டுக்குள்ளேயே நின்றான். மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தான். மத்தியானம் கெங்கம்மா இன்னும் சூடாக இருந்தாள். அடுத்த வாரம் ராஜாத்தி வீட்டையே காலி செய்துகொண்டு மணலி புதுநகருக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் சொல்வது சொல்லாமல் இருப்பதைவிடப் பெரிய குற்றமாகிவிட்டது. கிரேனில் அத்தனை உயரம் ஏறுகிறவன், பெண்டாட்டியிடம் வாயைத் திறக்கப் பயந்து ஆறு வருஷம் ஓட்டினான்.

ஆனால் மலைக்குப் போவதை விடவில்லை. ஒவ்வொரு தை மாசமும் ஆசீர்வாதத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏற்காடு ஏறுவான். குளிரில் அந்த இன்ஜினுக்கு வரும் குஷியைப் பார்க்க வேண்டுமே! சென்னையில் ஆஸ்பத்திரிக் கிழவன் மாதிரி முனகுவது, பனிக்காற்று பட்டதும் கணீரென்று பேசும். கண்ணாடியில் ஆவி படிந்தால் புகையிலையைத் தேய்ப்பார்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நடுங்குவார்கள். "அந்தத் துணிய எடுத்தா சூடு வருமே வே" என்பார் ஆசீர்வாதம். பகலவன் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, காதில் விழாத மாதிரி ஓட்டுவான்.

2005 தை மாசம் ராஜாத்தியின் மகள் எழில்மொழிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, கல்யாணமும் அங்கேயே. பத்திரிகையோடு வந்த ராஜாத்தி வாசற்படியைத் தாண்டவில்லை. "எழிலோட அப்பா உசுரோட இல்ல. நீதான்ணா எழில் கையப் புட்ச்சி மேடைக்கிக் கூட்டினு வரணும்" என்று அண்ணனிடம் மட்டும் சொன்னாள். அவன் தோளில் ஏறி வளர்ந்த பெண் எழில். வாழ்க்கையில் வேறு எந்த மரியாதைக்கும் அவன் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கெங்கம்மாவும் எழில்மொழிக்காக வரச் சம்மதித்தாள். சொந்தக்காரர்கள் போகும் வேனில் ராஜாத்தியோடு உட்கார மாட்டேன், காரில்தான் வருவேன் என்றாள். பகலவன் அன்றே கடைக்குப் போய்ப் புகையிலை வாங்கி வைத்துக்கொண்டான்.

மேட்டுப்பாளையத்தில் தங்கி, விடிந்ததும் மலை ஏறினார்கள். நாலைந்து வளைவு தாண்டியதும் கண்ணாடி வெளுத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் கண்ணாடி தெளிந்தது, கெங்கம்மாவின் பல் தந்தியடித்தது. ஜன்னலை மூடினால் எதிரே ரோடே இல்லை. புகையிலையை எடுத்துத் தேய்த்தான். அந்த நாற்றத்தில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வர, பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டாள்.

"யோவ், குளுருக்கே பொறந்தவன் செஞ்ச வண்டி. சூடு வர ஒண்ணுமே வெக்காமயா வுட்டிருப்பான்?"

"கீது. ரிப்பேரு."

"இன்னா ரிப்பேரு?"

"அடைச்சிகினு கீது."

"அடைப்ப எடு."

"அது… ஈசியா வராது கெங்கா."

அவள் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பகலவன் அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான், ரோடும் தெரியவில்லை. அடுத்த வளைவில் மஞ்சளாக இரண்டு விளக்கு மட்டும் வந்தது. அது பஸ் என்று புரிவதற்குள் ஹாரன் காதைக் கிழித்தது. ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி தடுப்புச்சுவரை உரசி நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் வெறும் வெள்ளை.

கெங்கம்மா கத்தவில்லை. அவன் கையைப் பிடித்தாள். அந்தக் கை ஐஸாக இருந்தது. இவளையே கொன்றிருப்பேனே, ஒரு துணிக்குப் பயந்து, என்று நினைத்தான் பகலவன். ஓரங்கட்டி, குனிந்து, அவள் காலடியில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு இழுத்தான்.

முதலில் கருகிய நூல் வந்தது. அப்புறம் மாம்பழக் கலர் வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, அவன் காலடி ஓட்டையிலிருந்து மறு பாதியும். ஒரு முனை அவள் பக்கம், மறு முனை அவன் பக்கம், நடுவில் இரண்டு பேர் மடியிலும் ஆறு வருஷத்து எண்ணெயும் கரியுமாக அந்தப் பட்டு. கூடவே சூடு குபுகுபுவென்று உள்ளே வந்தது. கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது. மலை, மரம், ரோடு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கெங்கம்மாவின் முகமும் தெரிந்தது. பகலவனுக்கு அந்தப் பனியே தேவலாம் என்றிருந்தது.

"ஒண்ணியும் பேசாத" என்றாள். "ஓட்டு."

குன்னூர் வரைக்கும் ஓட்டினான். வண்டிக்குள் கதகதப்பாகத்தான் இருந்தது, அவனுக்குத்தான் உதறல் நிற்கவில்லை.

பௌத்த முறைக் கல்யாணம். சமுதாயக் கூடத்தில் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, தாய்மாமனுக்காகக் காத்திருந்தார்கள். கெங்கம்மா கரி படிந்த புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ராஜாத்தியிடம் போனாள்.

"ராஜாத்தி, பொடவ கெட்ச்சிடுச்சி. இவுரு கார்லதான் இருந்துச்சி. இவுரே அடைச்சி வெச்சிகினு, நான் உன்ன நாற வார்த்த பேசறப்போ வாய மூடிகினு இருந்துக்கீறாரு. அன்னிக்கித் தெருவுல வெச்சி சொன்னேன். இன்னிக்கி இத்தினி பேர் எதிர்ல சொல்றேன். தப்பு என்னுது. மன்னிச்சிடு."

ராஜாத்தி புடவையை வாங்கி, கருகாத சரிகையைக் கட்டைவிரலால் தடவினாள். "அன்னிக்கே சொன்னேனே அண்ணி, கொடியிலதான் போட்டேன்னு" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பகலவன் வாசலில் குரங்குக் குல்லாவோடு நின்றான். நல்லபடியாக முடிந்தது என்று அவனுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. மேடைக்குப் போகக் காலை எடுத்து வைத்தான்.

ராஜாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நீ இருண்ணா. ஆறு வருசமா நீ தள்ளி நின்னு பாத்துகினுதான இருந்த? இன்னிக்கும் பாரு. எழில் கைய அண்ணி புட்ச்சினு வரட்டும்."

மறுக்கப் பகலவனுக்கு வாய் ஏது? கடைசி வரிசையில் இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். குளிருக்காகக் கெங்கம்மா அந்தப் புடவையையே தோளில் போர்த்திக்கொண்டு, கரிப் பக்கம் வெளியே தெரிய, எழில்மொழியின் கையைப் பிடித்து நடந்து வந்தாள். அவனைத் தாண்டும்போது எழில்மொழி லேசாகக் குனிந்தாள்.

"மாமா, குல்லாவ கயட்டு. போட்டோ எடுக்கறாங்கோ."

பகலவன் குல்லாவைக் கழற்றினான். அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.