கல்லோடு வந்த ஸ்டெல்லா மிஸ்

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கருவிகளை வாடகைக்கு விடுகிறவனிடம் யாரும் தங்கள் மண்ணைப் பற்றிப் பேசமாட்டார்கள், "எப்போ வண்டி வரும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஷாமியானா, ஜெனரேட்டர், கலவை மெஷின் என்று எதையாவது வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் சகோதரர்களுக்கு இந்த வேதனை புரியும். ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் கடை வைத்திருக்கும் நானும், எவ்வளவு இடம் என்று மட்டும் கேட்டுவிட்டு, சும்மா நிற்கும் கருவியை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா மிஸ் வரும்வரை.

மேஜைமேல் கருங்கல்

அஸ்தினாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியை. ஸ்கூட்டரிலிருந்து ஒரு அரிசிப் பையை இறக்கி, மூச்சு வாங்கத் தூக்கிவந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே எல்லாம் கல். மைதானத்தில் ஒரு மூலையைத் தோண்டி, மணல் சலிக்கும் சல்லடையில் சலித்து, பெரியது, நடுத்தரம், சிறியது என்று தனித்தனிக் கவரில் கட்டியிருந்தார். எது எந்த ஆழத்தில் கிடைத்தது என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியும் இருந்தது. என் கடை வாழ்க்கையில் இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

கட்டடம் கட்டியபோது கொட்டிய ஜல்லியும் கல்லும் மண்ணோடு கலந்து கிடக்கிறதாம். அவருடைய கோ-கோ அணிப் பெண்கள் டைவ் அடிக்கப் பயந்தே தோற்றுப்போகிறார்களாம். பள்ளியின் கரஸ்பாண்டென்ட் அடுத்த வாரம் சனிக்கிழமைவரை கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் சரியாகாவிட்டால் மைதானத்தில் ஸ்கூல் வேன்களை நிறுத்திவிடுவார்கள். எனக்கோ அன்று ரோட்டவேட்டர் சும்மா நின்றது. சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்குகிற கருவி அது. "அதை விட்டா கல்லெல்லாம் தூளாயிடும் மேடம்" என்று அடித்துவிட்டேன். அவர் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "கருங்கல் தூளாகுமா சார்?"

எங்கள் கத்தியின் பெருமை

"எங்க கத்தி அப்படி மேடம்" என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். டிராக்டரை ஓட்டிப்போனவர் ஏழுமலை, என்னிடம் பல வருடமாக இருக்கிறார், என்னைவிட மண் தெரிந்தவர். கிளம்பும்போதே முகத்தைச் சுளித்தார். முதலாளி சொல்லிவிட்டானே என்று போனார்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. பின்னணியில் இன்ஜின் சத்தமே இல்லை. என்ன ஆச்சு, கல்லெல்லாம் தூளாயிடுச்சா என்று கேட்டேன். ஏழுமலை நிதானமாகச் சொன்னார்: "கல்லு அப்டியேதான் கீதுண்ணா. நம்ம கத்திதான் தூளாயிடுச்சி."

பின்னால் நடந்து வந்தவர்

வெட்கம் பிடுங்கித் தின்ன, மறுநாள் நானே போனேன். ஸ்டெல்லா மிஸ் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் வலித்தது. இந்த முறை ஸ்பிரிங் வைத்த கல்டிவேட்டர். கல்லில் பட்டால் மண்ணைக் கிளறும் கொழு வளைந்து கொடுத்து மேலே ஏறிவிடும், உடையாது. போகிற போக்கில் புதைந்த கல்லைக் கிளப்பியும் விடும். அடுத்து கல் பொறுக்கும் மெஷின். மண்ணோடு கல்லை அள்ளி, கம்பிச் சல்லடையில் குலுக்கி, மண்ணைக் கீழே விட்டுக் கல்லை மட்டும் சேர்த்துக்கொள்ளும்.

மெஷின் போன தடத்தில் மிஸ் வாளியோடு நடந்தார். குனிந்து குனிந்து பொறுக்கினார். பாதித் தடம் வருவதற்குள் வாளி நிறைந்துவிட்டது. கம்பிகளின் இடைவெளி இரண்டு விரல். அதைவிடச் சின்னதெல்லாம் கீழே விழுந்துவிட்டது. பெரிய கல் போனால் போதாதா என்றேன். ஒரு ஜல்லியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "பெரிய கல் கண்ணுக்குத் தெரியும், பசங்க ஒதுங்கிப்பாங்க. முட்டியைக் கிழிக்கிறது இதுதான் சார்."

முதல் நாளே என் மேஜைமேல் அந்தச் சின்னக் கல் கவரும் இருந்தது. நான்தான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு விரல் இடைவெளி

மெஷினை வெல்டிங் கடைக்கு இழுத்துப்போய், ஒவ்வொரு இடைவெளிக்கும் நடுவே ஒரு கம்பி வைத்து ஒட்டினோம். இடைவெளி குறைந்தால் ஈர மண் இறங்காது, அடைத்துக்கொள்ளும். அதனால் ஏழுமலை காலையும் மாலையும் மைதானத்தில் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து, கையை விரித்துப் பார்த்தார். உருண்டையாக நின்றவரை வண்டியைத் தொடவில்லை. வியாழக்கிழமை மண் உதிர்ந்தது. முதல் கியரில், நடக்கிற வேகத்தில், இரண்டு முறை ஓட்டினார். வெள்ளிக்கிழமை மிஸ் வாளியோடு மைதானம் முழுக்க நடந்தார். வாளியின் அடி தெரிந்தது.

திரும்பி வரும்போது ஏழுமலை சொன்னார்: "இந்த மிஸ் மட்டும் நம்ம லைனுக்கு வந்துச்சி, நாம ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதாண்ணா."

சனிக்கிழமை

எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் போனேன். கரஸ்பாண்டென்ட் வந்து, சுவரோரம் குவித்திருந்த கல்லைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். மிஸ் விசில் ஊதினார். அணித் தலைவி ஓடுகிறவளைத் துரத்தினாள். கைக்கு எட்டாத தூரம். வழக்கமாக அந்த இடத்தில் நின்றுவிடுவாளாம். அன்று பாய்ந்தாள். நெஞ்சு தரையில் தேய, தொட்டுவிட்டாள்.

அவள் எழுந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். மண் மட்டும்தான், ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மிஸ் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கரஸ்பாண்டென்ட் அந்த முட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், வேனெல்லாம் ரோட்டுலயே நிக்கட்டும்."

இப்போதெல்லாம் என் கடைக்கு வந்து வண்டி எப்போது வரும் என்று கேட்பவர்களிடம், நிபுணன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "முதல்ல ஒரு பை கல்லு கொண்டாங்க" என்கிறேன்; யாரிடம் கற்றேன் என்று மட்டும் சொல்வதில்லை.