மாடியில் நாற்பது பேர்

மகளின் கல்யாணத்தை நினைத்தால் எனக்கு முதலில் அந்தப் பங்களாவின் மாடிதான் ஞாபகம் வருகிறது.

கொல்லிமலையில் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய பங்களா அது. மாடித் தரை முழுக்கப் பலகை. பழமை கெடாமல் காத்து, இப்போது கல்யாணங்களுக்கு விடுகிறார்கள். பேளுக்குறிச்சியில் மண்டபம் இருக்க எதற்கு மலையேற வேண்டும் என்று என் அண்ணன் கேட்டார். மகள் பிடிவாதமாக இருந்தாள். முகூர்த்தம் புல்வெளியில்தான் என்பதால் நானும் சம்மதித்தேன்.

அன்று காலை மழை பிடித்துக்கொண்டது. கீழ்க்கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்ததால் மணவறையை மாடிக்கு மாற்றினோம். மேலே நாற்பது பேருக்கு மேல் கூடாது என்று காவலாளி கண்டிப்பாகச் சொன்னார். கணவர் மணவறைக்குப் போய்விட, நான் படிக்கட்டின் அடியில் நின்று எண்ணி எண்ணி அனுப்பினேன். பள்ளியில் கணக்குச் சொல்லித் தருபவள் நான். நாற்பதானதும் கையைக் குறுக்கே நீட்டிவிட்டேன்.

கடைசியாக வந்தவர் அண்ணன்.

“ஏ அம்மிணி, தாய்மாமனையே மறிக்கிறயா?”

“நாப்பது ஆயிருச்சுங்கண்ணா.”

“எழுவது வளைவும் வாந்தி எடுத்துட்டு வந்திருக்கறேன். வயிறு காலி, எடையே இருக்காது. உடு!”

நான் விடவில்லை. கெட்டிமேளம் கேட்டது. அடுத்த கணம் தலைக்கு மேல் படாரென்று ஒரு சத்தம். மேளம் நின்றுபோனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் இலைகளில் மரத்தூள் கொட்டியது.

ஓடி ஏறினேன். பலகை உடைந்து, தவில்காரரின் வலது கால் முழங்கால்வரை உள்ளே போயிருந்தது. யாரும் அசையவில்லை. பின்னால் வந்த காவலாளி எல்லோரையும் சுவரோரம் ஒதுக்கி, ஒவ்வொருவராக இறக்கத் தொடங்கினார்.

“நாப்பதுன்னுதானுங்களே சொன்னேன்?”

“நாப்பதுதான் அனுப்பினேன்.”

“மேளக்காரங்க அஞ்சு பேரு, போட்டோ எடுக்கறவங்க மூணு பேரு. இவங்கள எண்ணலீங்களா?”

எண்ணவில்லை. நான் எண்ணத் தொடங்கும் முன்பே அவர்கள் என் கண்ணெதிரில்தான் மேலே போனார்கள். நான் எண்ணியது சொந்தக்காரர்களை மட்டும்.

பலகையை நெம்பிக் காலை வெளியே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. துண்டைச் சுற்றிக் கட்டினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தவில்காரர் கேட்டார்:

“பொண்ணு கழுத்துல தாலி ஏறிருச்சுங்களாம்மா?”

“ஏறிருச்சுங்க” என்றேன்.

நான் பார்க்கவே இல்லை. சொன்ன பிறகுதான் திரும்பி, சுவரோரம் நின்ற மகளின் கழுத்தைப் பார்த்தேன்.