வியட்நாமுக்கு வேன் வேண்டாம்

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என் தையல் கடையில் துணியைவிடப் பேச்சுதான் அதிகம் தைக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் போகிற போக்கில் ஒரு சொலவடையையும் போட்டுவிட்டுப் போவார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் அந்தச் சொலவடைகளில் படித்ததுதான். ‘வாயிருந்தால் வங்காளம் போகலாம்’ என்று ஒரு சொலவடை உண்டல்லவா, அதை நம்பித்தான் நான் வியட்நாமுக்கே திட்டம் போட்டேன்.

ஆசை எனக்காக மட்டும் வந்ததில்லை. என் வீட்டுக்காரர் பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்தவர். விமானத்தை விட்டு வெளியே வந்தவுடன் கம்பெனி ஆள் கையை நீட்டுவான், இவர் பாஸ்போர்ட்டைக் கொடுப்பார், ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் அது திரும்பி வரும். தங்கியிருந்தது கடற்கரை நகரம். வேலை, கேம்ப், வேலை என்று போனதில் கடலைப் பார்க்கவே இல்லை. இப்போது ஊரோடு வந்து, கொஞ்சம் நிலமும் இரண்டு மாடுமாக இருக்கிறார். டீக்கடையில் யாராவது அவரை ‘வெளிநாட்டுக்காரர்’ என்று கூப்பிட்டால் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். வெளிநாட்டில் இருந்தார், சரி. எதைப் பார்த்தார்? ஒரே ஒரு தடவை, பாஸ்போர்ட் தன் சட்டைப்பையில் இருக்க, அந்த மனுஷன் ஒரு நாட்டில் விருந்தாளியாக நடக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதலில் புதுக்கோட்டையில் ஒரு டூர் ஏஜென்ட்டிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு எங்கள் மாடு இரண்டையும் விற்றாலும் பாதிதான் தேறும். “தனியா போறேன்னு மட்டும் கெளம்பிராதீங்கம்மா. அங்க இங்கிலீஷே எடுபடாது” என்று எச்சரித்தும் அனுப்பினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். இங்கிலீஷ் தெரியாதது அவர்களுக்கும் எனக்கும் பொது. அப்புறம் என்ன, சரிக்குச் சரி.

அன்றிலிருந்து தையல் மெஷினில் கால் ஓட, போனில் காது ஓடும். சுற்றுலா போய் வந்த தமிழ்ப் பிள்ளைகள் போட்ட வீடியோக்களை எல்லாம் கேட்டேன். திருச்சியிலிருந்து நேராகவே விமானம் இருந்தது. வார நடுவில் கிளம்பி, பெட்டி போடாமல் கைப்பையோடு மட்டும் போனால் டிக்கெட் நம் கைக்கு அடக்கம் என்று தெரிந்தது. விசாவுக்கு ஆன்லைனில் நானே விண்ணப்பித்தேன். அங்கே ஒரு சந்தைக்குப் பக்கத்தில் சின்ன அறையை நானே பிடித்தேன். அறையின் விலாசத்தை அந்த ஊர் எழுத்திலேயே போட்டோவாக வைத்துக்கொண்டேன். வழி தெரியாவிட்டால் டாக்ஸிக்காரரிடம் நீட்டினால் போதும்.

பாஷைதான் மிச்சம். பேசினால் மொழிபெயர்த்துச் சொல்லும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றி, அதைச் சோதிக்க என் சொலவடையையே சொன்னேன். அது வியட்நாமியில் என்னவோ பாடியது. பாடியதைத் திருப்பித் தமிழுக்கு மாற்றினேன். “உங்களிடம் வாய் இருந்தால் நீங்கள் பங்களாதேஷ் செல்லலாம்” என்றது.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “நாம போறது வேற நாடுன்னு அதுக்கிட்டச் சொல்லு. இல்லாட்டி அங்கிட்டு எறக்கி விட்ரப் போகுது.”

அப்போது தெரிந்துகொண்டேன், இந்தப் போனிடம் பேச வேண்டுமானால் சொலவடையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். ‘தண்ணீர் வேண்டும்.’ ‘மாட்டுக்கறி வேண்டாம்.’ ‘இது எவ்வளவு?’ இப்படித் துண்டு துண்டாகப் பேசிப் பழகினேன். கடைக்கு வந்தவர்கள் எனக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். போன் காலை வாரினால் உதவட்டும் என்று அரிசி, முட்டை, மீன், கோழி, கட்டிலுக்கு மெத்தை, வயிற்று வலி மாத்திரை எல்லாவற்றையும் படமெடுத்து வைத்தேன்.

அவருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. “கேம்ப்ல எட்டு நாட்டுக்காரனோட ஒரே பாத்ரூமுக்கு வரிசைல நின்னவன் நானு. பாஷையா பெருசு? கை இருக்குல்ல” என்றார். பாஷைக்கு அவர் பயப்படவே இல்லை. அதனால் அவருக்கு வேறு பயம் ஏதும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விஷயம் கடை வழியாகத் தெருவுக்குப் போனது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு கிளம்பினால் அது அவர் பயணம் மட்டுமில்லை. பார்சல் வரும், வழியனுப்ப வேன் வரும். முதலில் பார்சல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு வந்தார். அவர் மகன் கத்தாரில் இருக்கிறான்.

“அக்கா, நாங்க போறது வியட்நாம்.”

“எல்லாம் பிளேன்ல போற ஊருதான?”

“அது கிழக்கால. ஒங்க மகன் இருக்கது மேற்கால.”

“இருக்கட்டுமே. ஏர்போர்ட்டுல கத்தார் போறவன் ஒருத்தன் கூடவா நிக்க மாட்டான்? மொகத்தப் பாத்து நல்லவனாக் குடுத்து விடு.”

கைப்பையில் எண்ணெய் ஊறுகாய் ஏற்ற விடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பொடியையாவது வாங்கிக்கொள் என்றார். வாங்கிக்கொண்டேன். ‘கொடுக்கிற கையைத் தட்டாதே’ என்பதும் அவர் என் கடையில் போட்டுவிட்டுப் போன சொலவடைதான்.

அடுத்து வந்தது வேன். என் நாத்தனார், இவருக்கு மூத்த அக்கா, ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். “கடலு பாக்கணும்னா மீமிசலுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான, இதுக்கு எதுக்கு சீமை” என்று எங்களை ஒரு பாட்டம் வைதார். அப்புறம், “சரி, வேன் சொல்லியாச்சு. பதினாலு பேரு வாரோம். புளிச்சோறு நான் கட்டிக்கிர்றேன்” என்றார்.

இவர் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனவர், நாத்தனார் கிளம்பிய பிறகும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஏற்கெனவே கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துத் திரும்பவும் கட்டிக்கொண்டிருந்தார்.

“நீ மட்டும் போயிட்டு வா” என்றார்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, விசா வந்தாகிவிட்டது என்று படபடவென்று பேசினேன். அவர் மாட்டுக் கயிற்றை இறுக்கினார். கடைசியில், “வேனுன்னு அக்கா சொன்னதும் பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சு” என்றார். “முந்தி வேலைக்குக் கெளம்புறப்பல்லாம், போக மாட்டேன்னு சொல்லிருவேனோன்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். பதினாலு பேரு அழுதுகிட்டு நிக்கிறப்ப எப்படிச் சொல்றது? அதான் போயிட்டேன்.”

நானும் அந்தப் பதினாலு பேரில் நின்று அழுதவள்தான்.

மறுநாள் நாத்தனார் வீட்டுக்குப் போய் வேன் வேண்டாம் என்றேன். வழியனுப்ப வராதீர்கள் என்று சொல்வது எங்கள் பக்கம் பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புவது மாதிரி. அவர் முகம் சுண்டிப்போனது.

“ஏத்தா, வழியனுப்பக்கூட ஆகாதவளாப் போயிட்டேனா நானு?”

“ஒங்க தம்பி இதுவரைக்கும் சம்பாதிக்கத்தான் பிளேன் ஏறிருக்காரு. அதுக்கு நாம அழுதோம், சரி. இப்ப ஊர் பாக்கப் போறாரு. ஒரு தடவ அழுகைச் சத்தம் கேக்காம ஏறட்டுமே.”

அவர் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவேன். அதுக்கு நீ தடை சொல்லக் கூடாது” என்றார். வேன்காரரையும் அப்போதே கூப்பிட்டு வர வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் திட்டத்தைச் சொன்னேன். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற பஸ் ஏர்போர்ட் வழியாகத்தானே போகிறது. அதில் போய் இறங்கிக்கொள்வோம். சந்தைக்குப் போகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அவர் கொக்கித் தராசை எடுத்து வந்து நிலைப்படியில் மாட்டி, என் பையைத் தூக்கித் தொங்கவிட்டு எடை பார்த்தார். “சேலை ரெண்டக் கொற” என்றார். எனக்கு உயிர் வந்தது.

கிளம்பிய அன்று நாத்தனார் சொன்னபடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். அழவில்லை. முகத்தை மட்டும் பழக்கடைப் பக்கம் திருப்பிக்கொண்டு, “வெயில்ல அலையாதடா” என்றார். புதுக்கோட்டையில் பஸ் மாறினோம். “ஏர்போர்ட்டுக்கு ரெண்டு” என்று இவரே டிக்கெட் கேட்டார்.

“யார வழியனுப்பப் போறீங்க?” என்றார் கண்டக்டர்.

“எங்களத்தான்” என்றேன் நான். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

வியட்நாமில் போய் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி வெளியே வந்தோம். வாசலில் பெயர்ப் பலகை பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். நான் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இவர் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி, கொடுக்க ஆள் தேடுகிறவர் மாதிரி அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாரும் வர மாட்டாங்க. பைல வைங்க” என்றேன்.

வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் டவுன் பஸ்ஸில் போகும்போது இரண்டு மூன்று தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அறைக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில், முழங்கால் உயரப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தோம். கோழிப் படத்தைத் தேடி நான் போனைத் தடவுவதற்குள், இவர் இரண்டு கையையும் இறக்கையாக மடக்கி அடித்துக் காட்டிவிட்டார். கடைக்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சூடாக நூடுல்ஸ் வந்தது. கத்தார் போகிறவர் யாரும் கண்ணில் படாமல் எங்களோடே வந்துவிட்ட பக்கத்து வீட்டு அக்காவின் பருப்புப்பொடியைப் பிரித்து அதன்மேல் தூவினோம். கடைக்கார அம்மாவும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினார்.

அப்புறம் என் போனைப் பார்த்து ஏதோ கேட்டார். போன் தமிழில் சொன்னது: “நீங்கள் இங்கே வேலைக்கு வந்தீர்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் போனை வாங்கிக்கொண்டார். நான் பழகிய மாதிரியே, துண்டாக, நிதானமாகச் சொன்னார்: “இல்லை. ஊர் பார்க்க வந்தோம்.”

போன் அதை வியட்நாமியில் சொன்னது. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, இவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

இவர் போனை என்னிடம் நீட்டினார். “கடல் இங்கிருந்து எங்கிட்டு இருக்குன்னு கேளு.”

“நீங்களே கேளுங்க” என்றேன்.

கேட்டார்.