அணைந்த எரிமலையைத் தொடாதீர்கள்

பூகோளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு சாபம்: பார்க்காத ஊர்களைப் பற்றியெல்லாம் பார்த்த மாதிரியே பேச வேண்டும். எழுபதுகளில் செகந்திராபாத் ரயில்வே காலனிப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக்காரருக்கு நாச்சாரம் தொழிற்சாலையில் வேலை போயிருந்த சமயம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் எனக்கு வேலை நிலைக்கும். அவர் வரும் வாரம் பார்த்து, பாடம் எரிமலை. என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்லவா வேண்டும்!

வெந்தயம்

எரிமலை மாதிரிகள் செய்ய நானும் பிள்ளைகளும் பழைய வினாத்தாள்களை ஊறவைத்து, காகிதக் கூடைக்குச் செய்வதுபோல் வெந்தயம் சேர்த்து அரைத்தோம். கவிழ்த்த தட்டுபோலக் கேடய எரிமலை, செங்குத்தாகச் சாம்பல் கூம்பு, படலம் படலமாக அடுக்கு எரிமலை. அலமாரி மேல் ஏற்கெனவே ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் இருந்த டீச்சர் வெறும் காகிதத்தை ஒட்டிச் செய்தது. ‘அணைந்த எரிமலை’ என்று லேபிள். அதையும் வரிசையில் வைத்து அறையைப் பூட்டினேன்.

மறுநாள் காலை பியூன் யாதகிரி அறையைத் திறந்துவிட்டு, துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றான். உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்களாம்.

“நக்கோ அம்மா, அந்தர் கோன்கி சாஸ் லேரா!”

மூடிய வாய்

அடுக்கு எரிமலை ரோஸியின் கைவேலை. வீட்டில் தமிழ், பதில் மட்டும் தெலுங்கில் வரும் எட்டாம் வகுப்புப் பெண். மலையின் வாயைக் காகிதம் ஒட்டி மூடியிருந்தாள். மூடிய இடம் மெல்ல எழும்பித் தணிந்துகொண்டிருந்தது. தொடப் போன என் கையை, பின்னால் வந்து நின்ற ரோஸி பிடித்துக்கொண்டாள். தூங்குகிறதாம், எழுந்துவிடுமாம்.

“டோன்ட் டச் டீச்சர், லேச்சிபோதுந்தி!”

சயன்ஸ் விளக்கம்

சயன்ஸ் வாத்தியார் சாமுவேல், திருநெல்வேலிக்காரர், சிரிசிரியென்று சிரித்தார். மழை ஈரத்தில் காயாத கூழும் வெந்தயமும் இட்லி மாவுபோல் புளித்திருக்கிறதாம். அந்தக் காற்றும் சூடும்தானாம். காம்பஸ் முனையால் குத்தினார். நீண்ட பெருமூச்சு வந்தது, கூடவே புளித்த வாடை. எனக்கு உயிர் வந்தது.

போகும்போது விளையாட்டாக அணைந்த எரிமலையைத் தட்டிக்கொடுத்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். நானும் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது.

“இது காஞ்ச காயிதம்லா... இதுல என்னத்தப் போட்டிய டீச்சர்?”

இன்ஸ்பெக்டர்

இன்ஸ்பெக்டர் மெட்ராஸில் படித்தவர், நல்ல தமிழ் பேசினார். பாடம் முழுக்கக் கேட்டார். ‘அணைந்த எரிமலை இனி ஒருபோதும் சுடாது’ என்று அதைக் காட்டிச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, வேலை வேண்டுமே. பிள்ளைகள் போனதும் அவர் எழுந்து வந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் உடனே எடுத்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். வாய் வரை வந்தது. வீட்டுக்காரர் முகம் நினைவுக்கு வர, இல்லை என்றேன். அவர் பேனாவைத் திறந்தார்.

“நல்லது. முன்னே இருந்தவங்க இது சுடுதுன்னு சொன்னாங்க, அதனாலதான் அவங்கள வேலைய விட்டு அனுப்ப வேண்டியதாப் போச்சு.”

வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்த அறையில் அணைந்த எரிமலைக்குப் பக்கத்து நாற்காலியும்தான்.